கெல்ஸ் சுவடி: தப்பாக எழுதிய பக்கத்தை ஏன் கிழித்துப் போடவில்லை?

கிணற்றடி | செவ்வாய், இரவு 10:42

டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகம் கெல்ஸ் சுவடியை முழுவதும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூன்று நாளாகப் பிள்ளைகள் தூங்கிய பிறகு அதைத்தான் ஏடு ஏடாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது லத்தீனில் எழுதிய நான்கு நற்செய்திகள். கி.பி. 800 வாக்கில் ஸ்காட்லாந்துக் கரையோரம் இருக்கும் அயோனா தீவு மடத்திலோ, அயர்லாந்தின் கெல்ஸ் மடத்திலோ, அல்லது அங்கே பாதி இங்கே பாதியாகவோ எழுதியது. மிஞ்சியிருப்பது 340 ஏடு, அதாவது 680 பக்கம். அதில் அலங்காரமே இல்லாத பக்கம் இரண்டுதான் என்கிறார்கள்.

என் சந்தேகம் 218ஆம் ஏட்டின் பின்பக்கத்தைப் பற்றி. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் ஓரங்களிலும் வரிகளுக்கு நடுவிலும் சிவப்பில் சிலுவை சிலுவையாகப் போட்டிருக்கிறார்கள். இதுவும் அலங்காரம்தான் போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டேன். அப்புறம் விளக்கத்தைப் படித்தால், 219இன் முன்பக்கத்தில் அதே வாசகம் மறுபடியும் வருகிறதாம். அந்தச் சிலுவைகள், "இந்தப் பக்கம் செல்லாது" என்பதற்கான அடையாளமாம்!

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். ஒரு பக்கம் இரண்டு தடவை அச்சாகிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இவ்வளவு இழைத்துச் செய்த புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத் தவற்றை எப்படி அப்படியே விட்டார்கள்? அந்த ஏட்டைக் கிழித்துவிட்டு வேறு ஏடு வைத்திருக்கக் கூடாதா?

சும்மாவந்தேன் | செவ்வாய், இரவு 11:05

கிழிக்க அது காகிதம் இல்லையே அக்கா. வெல்லம். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊர் வெல்லம் என்று நினைத்து, எறும்பு வராதா என்று கேட்டு ஒருமுறை அசிங்கப்பட்டவன் நான். கன்றுக்குட்டித் தோல்.

டப்ளின்காரன் | புதன், அதிகாலை 2:18

நான் இருக்கும் ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் புத்தகத்துக்கு ஏறக்குறைய 185 கன்றுகளின் தோல் பிடித்திருக்கும் என்பது கணக்கு. தோலை எழுதும் பொருளாக மாற்றுவது செருப்புத் தோல் பதனிடுவது மாதிரி இல்லை. பதனிடவே கூடாது. சுண்ணாம்புத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து மயிரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரச்சட்டத்தில் நாலா பக்கமும் கயிறு கட்டி இழுப்பார்கள். தோல் காயக் காயக் கயிற்றை இன்னும் முறுக்குவார்கள். அப்படி விறைத்து நிற்கும்போதே பிறை வடிவக் கத்தியால் இரண்டு பக்கமும் சுரண்டி மெலிதாக்குவார்கள். இழுபட்டுக் காய்வதுதான் தோலைத் தாளாக்குகிறது. கன்று உயிரோடு இருந்தபோது ஈ கடித்த புள்ளி இருந்தால், இழுக்கும்போது அது வட்ட ஓட்டையாக விரியும். ஸ்கேனில் தேடுங்கள், அப்படி ஓட்டைகள் இருக்கும். எழுதியவர் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு எழுதிப் போயிருப்பார்.

மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சளாக இருக்கும், சதைப் பக்கம் வெளுப்பாக இருக்கும். எழுதுவதற்கு முன் கூர்மையான ஒன்றால் ஓரத்தில் குத்தி, அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோடு கிழிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 16 முதல் 18 வரி.

நேரில் பார்ப்பதைப் பற்றி: இருட்டு அறை, கண்ணாடிப் பெட்டி, முன்னால் பத்துப் பேர் தலை. புகைப்படம் எடுக்கக் கூடாது. எந்தப் பக்கம் விரித்து வைத்திருக்கிறதோ அதுதான் நம் அதிர்ஷ்டம், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நான் போன அன்று வெறும் எழுத்துப் பக்கம். ஏமாற்றம்தான். ஆனால் கிட்டே குனிந்து பார்த்தால் ஒரு வரியின் கடைசி வார்த்தை இடம் போதாமல் மேல் வரியின் காலியிடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது தனி வார்த்தை இல்லை என்று காட்ட பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம். பேருந்தில் இடமில்லாமல் கம்பியில் தொற்றிக்கொண்டு வருகிறவன் மாதிரி.

ஞாயிறுபள்ளி | புதன், காலை 7:30

கிணற்றடி அக்கா, ஒரு பக்கம் இரண்டு தடவை வந்ததற்கே இப்படி என்றால் மற்றதைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

மத்தேயு 10:34 நமக்கெல்லாம் மனப்பாடம். சமாதானத்தை அல்ல, பட்டயத்தையே அனுப்ப வந்தேன் என்று இயேசு சொல்லும் இடம். பட்டயம் என்றால் வாள், லத்தீனில் கிளாதியும். கெல்ஸ் சுவடியில் அந்த இடத்தில் காவுதியும் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பொருள் மகிழ்ச்சி. "சமாதானத்தை அல்ல, மகிழ்ச்சியையே அனுப்ப வந்தேன்" என்றாகிவிட்டது! கையோட்டத்தில் வந்த பிழைதான். ஞாயிறு வகுப்பில் ஒரு பையன் இப்படி ஒப்பித்திருந்தால் நான் திருத்தியிருக்க மாட்டேனோ என்னவோ.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சுவடியின் தொடக்கத்தில் தூண்களும் வளைவுகளுமாகக் கட்டடம் போல வரைந்த அட்டவணைகள் இருக்கின்றன அல்லவா? ஒரே நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளில் எங்கெங்கே வருகிறது என்று எண்ணைப் பார்த்துத் தேடுவதற்கான ஒத்துவாக்கிய அட்டவணை அது. அந்த எண்களை உள்ளே ஓரங்களில் குறித்திருந்தால்தான் அட்டவணைக்குப் பயன் உண்டு. இந்தச் சுவடியில் உள்ளே எண்கள் குறிக்கப்படவே இல்லை எனலாம். அட்டவணையை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது.

ஆகவே என் கருத்து: இது உட்கார்ந்து வாசிக்கச் செய்த புத்தகமே இல்லை. பெருவிழா நாளில் பீடத்தில் வைத்து, தூரத்திலிருந்து சனங்கள் பார்க்கச் செய்தது. வாசிப்பவருக்கு வாசகம் ஏற்கெனவே மனதில் இருந்திருக்கும். பிழை யார் கண்ணில் படப்போகிறது?

கிணற்றடி | புதன், பிற்பகல் 1:15

படாது என்று சொல்லாதீர்கள் தம்பி, பட்டிருக்கிறது. பட்டதால்தானே சிவப்புச் சிலுவை போட்டிருக்கிறார்கள்! யாரோ ஒருத்தர் பக்கத்துக்குப் பக்கம் வாசித்திருக்கிறார். எங்கள் இனத்து ஆள் ஒருவர் அந்த மடத்திலும் இருந்திருக்கிறார். எனக்கு அவரைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், படம் வரைந்தவரை அல்ல.

ஓரம் என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்கேனில் சில பக்கங்களில் ஓர அலங்காரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதே, அது ஏன்?

டப்ளின்காரன் | புதன், பிற்பகல் 3:50

19ஆம் நூற்றாண்டில் பைண்டிங் செய்தவர் ஓரங்களைச் சீராக வெட்டி, விளிம்புக்குத் தங்கப்பூச்சும் பூசிவிட்டார். அந்தக் கால வழக்கம் அது, இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. 1849இல் விக்டோரியா மகாராணி வந்து கையெழுத்து வேறு போட்டார். நல்லவேளை, பிற்காலத்தில் சேர்த்த வெற்றுத் தாளில். 1953இல் ரோஜர் பவல் என்பவர் மொத்தத்தையும் பிரித்து நான்கு தொகுதிகளாகக் கட்டினார். இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஏடு இப்போது சுமார் 33க்கு 25 சென்டிமீட்டர்.

கடலோடி | புதன், மாலை 6:22

வண்ணங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த நீலம் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய லாபிஸ் லாசுலி கல்லை அரைத்தது. பதாக்ஷானிலிருந்து அயர்லாந்து வரைக்கும் ஒட்டகத்திலும் கப்பலிலுமாக வந்திருக்கிறது! அந்தக் காலத்து வணிகத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேதியல்வாத்தியார் | புதன், இரவு 9:10

கடலோடி அவர்களே, இந்தக் கதையை நானும் வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். வருத்தத்தோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பழைய ஆய்வுகள் லாபிஸ் என்றுதான் சொல்லின. 2000க்குப் பிறகு டிரினிட்டியில் சுவடியைத் தொடாமலே லேசர் வைத்துச் சோதித்தார்கள். ஒரு புள்ளியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளி எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்துப் பொருளை அடையாளம் காணும் முறை. ராமன் நிறமாலை. ஆமாம், நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டுபிடித்தாரே, அந்த விளைவுதான். அதில் லாபிஸ் அகப்படவில்லை. நீலம் முழுக்க இண்டிகோ.

உடனே "அவுரியா, அப்படியானால் இந்தியாவிலிருந்து போனதா" என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் வோடு என்று ஒரு செடி உண்டு, மஞ்சள் பூ பூக்கும். அதன் இலையை நொதிக்க வைத்தாலும் அதே சாயம்தான் கிடைக்கும். அவுரி, வோடு இரண்டும் தருவது ஒரே மூலக்கூறு என்பதால் லேசரால் வேறுபடுத்த முடியாது. ஆனால் வீட்டுப் பக்கத்திலேயே செடி இருக்கும்போது கப்பலைத் தேட வேண்டியதில்லை.

மற்ற வண்ணங்களுக்கு நம்மிடமே பெயர் இருக்கிறது. பளபளக்கும் அந்த மஞ்சள், அரிதாரம். நாடகக்காரர்கள் பூசியதால் ஒப்பனைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. சித்த மருத்துவத்தில் தாளகம். அது ஆர்சனிக் சேர்ந்த கனிமம், கொடிய விஷம், ஆர்வக்கோளாறில் யாரும் வாங்கி அரைத்துவிட வேண்டாம். இந்தச் சுவடியில் தங்கம் ஒரு துளிகூட இல்லை. தங்கம் போலத் தெரிவதெல்லாம் இந்த அரிதாரம்தான். சிவப்பு, ஈயச் செந்தூரம். பச்சை, செம்புக் களிம்பு, அதாவது கழுவாத செம்புப் பாத்திரத்தில் ஏறுமே அது. ஈரம் பட்ட இடங்களில் இந்தப் பச்சை தோலையே அரித்திருக்கிறது. வெள்ளை, ஜிப்சம். ஊதாதான் வேடிக்கை: பாறையில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து எடுத்தது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் தூரத்துச் சொந்தம். நாள்பட்ட மூத்திரத்தில் ஊறப்போட்டால்தான் அதிலிருந்து ஊதா இறங்கும்.

சும்மாவந்தேன் | புதன், இரவு 9:31

மூத்திரம், மாட்டுத்தோல், ஆர்சனிக். இதைப் பார்த்துவிட்டுத்தான் "தேவதூதன் செய்த வேலை" என்று ஒருவர் எழுதினாராமே?

டப்ளின்காரன் | வியாழன், அதிகாலை 1:04

அது 1180களில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார், கில்டேர் என்ற ஊரில் ஒரு நற்செய்திப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. கெல்ஸ் சுவடிதானா என்பதற்கு உறுதி இல்லை, இதே பாணியில் வேறொன்றாகவும் இருக்கலாம். ஆனால் நினைவுப்பொருள் கடைகளில் எல்லாம் இதன் தலையில்தான் கட்டுகிறார்கள்.

புள்ளிக்கோலம் | வியாழன், காலை 11:40

கைரோ பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லாதது அநியாயம்! 34ஆம் ஏட்டின் முன்பக்கம். மத்தேயு 1:18இல் கிறிஸ்துவின் பிறப்புச் செய்தி தொடங்கும் இடம். கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளான கையும் ரோவும் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. மீதி வார்த்தைகள் கீழே வலது மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

மார்கழியில் சிக்குக்கோலம் போட்டுப் பழகிய கை எனக்கு. ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி, டிரேசிங் தாள் வைத்து இழைகளைப் பின்தொடர்ந்து பார்த்தேன். நம் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இங்கே ஒவ்வொரு இழையும் மேலே, கீழே, மேலே, கீழே என்று பாய் முடைவது போலப் போய், கடைசியில் ஒரு பறவைத் தலையிலோ பாம்பிலோ முடிகிறது. சில இடங்களில் மனிதர்கள், தலைமுடியும் தாடியும் பக்கத்து ஆளோடு பின்னிக்கொண்டு. வட்டங்களெல்லாம் கவராயத்தில் போட்டவை. ஒரு வட்டத்துக்குள் சின்ன வட்டங்கள், அவற்றுக்குள் மூன்று மூன்று சுழிகள். பூதக்கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டிய அளவு. மூக்குக்கண்ணாடி ஐரோப்பாவுக்கு வந்ததே அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து!

இவ்வளவு கம்பீரமான பக்கத்தின் அடியில், 'கை' என்ற அந்தக் கிரேக்க எழுத்தின் காலருகே, இரண்டு பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன. பூனைகளின் முதுகில் எலிகள். நடுவில் இன்னும் இரண்டு எலி ஒரு வட்டமான அப்பத்தைக் கடித்து இழுக்கின்றன. அது நற்கருணை அப்பம் என்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு நீர்நாய் மீனைக் கவ்வியிருக்கிறது. நான் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு ஒருமாதிரி ஆகிவிட்டது. மடத்துச் சமையலறையில் தினமும் பார்த்ததைத்தானே வரைந்திருக்கிறார் மனுஷன்.

ஞாயிறுபள்ளி | வியாழன், பிற்பகல் 12:25

அந்தப் பூனை எலிகளுக்கும் இறையியல் விளக்கம் உண்டு அக்கா. தகுதியில்லாமல் நற்கருணை வாங்குகிறவர்களைக் குறிக்கிறது என்று.

புள்ளிக்கோலம் | வியாழன், பிற்பகல் 12:31

இருக்கட்டும். ஆனால் அந்தப் பூனை முகத்தில் பசி இருக்கிறதே, அது இறையியல் படித்து வருவதில்லை.

கிணற்றடி | வியாழன், மாலை 5:45

எழுதியவர் ஒருவரா, பலரா? எழுத்து இடத்துக்கு இடம் மாறுகிற மாதிரி தெரிகிறது.

டப்ளின்காரன் | வியாழன், மாலை 7:12

பிழை திருத்துகிற கண்ணுக்கு மறைவு ஏது! எழுத்து வேலைக்கு நான்கு கைகள் என்பது பொதுவான கருத்து. பெயர் ஒன்றும் கிடைக்காது, கை ஏ, கை பி என்றுதான் சொல்வார்கள். ஏ அடக்கமான ஆள், பழுப்பு மையில் அமைதியாக எழுதுவார். பி வண்ண மை விரும்பி, சிவப்பு, ஊதா என்று மாற்றுவார். ஓவியத்தில் மூன்று கைகளைப் பிரித்துக் காட்டியவர் பிரான்சுவாஸ் ஆன்ரி என்ற கலை வரலாற்றாசிரியர். கைரோ பக்கம் போட்டவருக்கு அவர் வைத்த பெயர் "பொற்கொல்லர்". ஏனென்றால் அந்தச் சுழிகள் நகை வேலை மாதிரி இருக்கும்.

இவ்வளவு பேர் உழைத்தும் வேலை முடியவில்லை. சில பக்கங்களில் அலங்காரம் பாதியில் நிற்கிறது. காலத்தை நினைத்துப் பாருங்கள். அயோனாவை வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர்கள் 795இல், 802இல், 806இல் என்று திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். 806இல் மட்டும் 68 பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே கெல்ஸில் புது மடம் கட்டத் தொடங்கினார்கள். 1007இல் கெல்ஸ் தேவாலயத்திலிருந்து, அயோனா மடத்தை நிறுவிய புனித கொலம்பாவின் பெரிய நற்செய்திப் புத்தகம் திருடு போனதாக அயர்லாந்தின் பழைய அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பில் இருக்கிறது. இரண்டு மாதமும் இருபது இரவும் கழித்து, பொன்னெல்லாம் உரிக்கப்பட்டு, புல்தரைக் கட்டிக்கு அடியில் கிடைத்ததாம். அது இந்தச் சுவடிதான் என்று பெரும்பாலானோர் எடுத்துக்கொள்கிறார்கள். திருடனுக்கு வேண்டியது புத்தகத்தை வைத்திருந்த பெட்டியின் பொன். புத்தகம் அவனுக்குக் குப்பை.

நாட்டுமருந்து | வெள்ளி, இரவு 8:55

நாலு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று என் பங்கு. எனக்கு நாட்டு மருந்துக் கடை. இந்தச் சுவடியின் மை, கருவாலி மரத்து மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்தது என்று படித்ததும் கை அரித்தது. மாசிக்காயா? பிள்ளைக்கு உரைமருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் தினமும் எடுத்துக் கொடுப்பதாயிற்றே! அவர்கள் தங்கள் ஊர் மரத்துக் காயைப் பறித்திருப்பார்கள், நம்மிடம் வருவது வேறு நாட்டுச் சரக்கு. ஆனால் சங்கதி ஒன்றுதான். பெயர்தான் காய். உண்மையில் ஒரு சின்னக் குளவி மரத்தில் முட்டை வைக்க, மரம் வீங்கி உருண்டுகொள்கிறது. ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது, துவர்ப்பு குறைவு. ஓட்டை இல்லாததாகப் பொறுக்கினேன்.

ஒன்றிரண்டாக இடித்து இரண்டு நாள் மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினேன். அதில் அன்னபேதியை, அதாவது அந்த இரும்பு உப்பைப் போட்டதும், அதுவரை டீத்தண்ணீராக இருந்தது கண்ணெதிரே கறுத்தது. கெட்டிப்பட வேலம்பிசின். வாத்து இறகைச் சீவி எழுதினேன். எழுதும்போது வெளிறிப்போய், வரக்காப்பி சிந்திய மாதிரி இருந்தது. சரி, தோற்றோம் என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் எழுத்து பழுப்பு நிறத்திலிருந்து கறுப்பாகியிருக்கிறது. காற்றுப் பட்டால்தான் கறுக்குமாம்.

காகிதம் சரியில்லை, தோலிலேயே பார்த்துவிடுவோம் என்று மிருதங்கத்துக்கு மூட்டு அடிக்கும் நண்பர் ஒருவரிடம் ஆட்டுத்தோல் துண்டு ஒன்று வாங்கினேன். கன்றுத்தோலுக்கு எங்கே போவது! முதலில் மை ஒட்டவே இல்லை, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டது. கொழுப்பு. சாக்பீஸ் தூளைப் போட்டு அழுத்தித் தேய்த்தபின் பிடித்தது. நாலு வரி எழுதினேன். நாலாவது வரியில் ஒரு சொட்டு விழுந்தது.

கிணற்றடி அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். தோலில் பிழையை அழிக்க ஒரே வழி கத்தியால் சுரண்டுவது. மை உள்ளே இறங்கிக் கடித்துக்கொள்கிறது. அந்த ஒரு சொட்டைச் சவர பிளேடால் சுரண்ட எனக்குக் கால் மணி நேரம். சுரண்டிய இடம் பஞ்சு பஞ்சாக எழும்பி, மேலே மறுபடி எழுதினால் ஊறிப் பரவுகிறது. ஒரு முழுப் பக்கத்தை இப்படிச் சுரண்டுவது நடக்கிற காரியமா?

கிணற்றடி | வெள்ளி, இரவு 10:20

சுரண்ட முடியாது, சரி. ஆனால் ஏட்டையே எடுத்துவிடலாமே என்று எழுத வந்தேன். எழுதுவதற்கு முன் ஸ்கேனை மறுபடி திறந்தேன், என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ரத்தானது 218இன் பின்பக்கம். அதன் முன்பக்கத்தில் சிலுவை ஒன்றும் இல்லை, அங்கே இருப்பது வேண்டிய வாசகம்! மறுபடி எழுதிய இடம் 219இன் முன்பக்கம், அதற்குப் பின்னால் கதை தொடர்கிறது. எந்த ஏட்டைக் கிழித்தாலும் நல்ல பக்கம் ஒன்று கூடவே போகும். பதினைந்து வருஷமாக இரண்டு பக்கம் அச்சடித்த தாளோடு புழங்குகிறவளுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். மெய்ப்பில் நான் அடிக்கிற கோடு அசிங்கமாக இருக்கும். அவர் போட்ட சிலுவைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் நிதானமாக, அளவெடுத்து.

நாட்டுமருந்து அண்ணா, அந்தத் தோல் துண்டைப் படம் பிடித்துப் போடுங்களேன்.

புள்ளிக்கோலம் | வெள்ளி, இரவு 10:41

ஆமாம், நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

நாட்டுமருந்து | சனி, காலை 6:50

மன்னிக்கவும். காய்ந்தபின் எடுக்கலாம் என்று நேற்று ராத்திரி மாடியில் கொடியில் கிளிப் போட்டு வைத்தேன். காலையில் கிளிப் மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் பூனை ஒன்று எதையோ முன்காலால் அமுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து நாலு வரியும் தெளிவாகத் தெரிகிறது.